வலிக்கு ஏன் எஸ்.ஓ.எஸ்.?

போன வாரம் பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் போன் செய்தார். எழுபத்து நாலு வயது. அவருக்கு இடது பக்க இடுப்பு மூட்டை மாற்றப் போகிறார்கள். அரை மணி நேரம் பேசினார். ரூம் வாடகை எவ்வளவு, இன்ஷூரன்ஸில் எவ்வளவு கழிப்பார்கள், செராமிக் பந்தா உலோகப் பந்தா, வீட்டு டாய்லெட்டை இடித்து வெஸ்டர்ன் போட கொத்தனார் என்ன கேட்கிறார் என்று எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னார். "வலிக்கு என்ன செய்யப் போறாங்கன்னு கேட்டீங்களா?" என்றேன். சிரித்தார். "அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்கய்யா. ரெண்டு நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டா போச்சு."

மூன்று வருடம் முன்பு நானும் இதையேதான் சொன்னேன். பல்லைக் கடித்தது நான் இல்லை, என் மனைவி. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் காரமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எழுத வந்தேன். அந்த வார்த்தையே எனக்கு இப்போது பிடிப்பதில்லை.

அவளுக்கு வலி முதலில் வந்தது முழங்காலில். முழங்கால்தான் என்று இரண்டு வருடம் நம்பினோம். தைலம், வெந்நீர் ஒத்தடம், முட்டிக்கு உறை, யார் எதைச் சொன்னாலும் அது. ஒரு நாள் பிசியோதெரபி செய்ய வந்த சின்னப் பெண் ஒருத்தி அவளைப் படுக்க வைத்து, முட்டியை மடக்கி, பாதத்தை மெதுவாக வெளிப்பக்கம் திருப்பினாள். தொடை இடுக்கில் சுள்ளென்று பிடித்து என் மனைவி கத்திவிட்டாள். "ஆன்ட்டி, இது முட்டி இல்ல, இடுப்பு" என்றாள் அந்தப் பெண். எக்ஸ்ரே எடுத்தோம். பந்துகிண்ண மூட்டில் பந்து உருண்டையாகவே இல்லை. இடுப்பு மூட்டு கெட்டால் வலி முழங்காலில் தெரிவது சகஜமாம். இரண்டுக்கும் கிளை விடும் நரம்பு ஒன்று இருக்கிறது. இதைப் படிப்பவர்களில் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் ஒரு முறை இடுப்பையும் காட்டிவிடுங்கள்.

அந்த இரண்டு வருடமும் அவள் தின்றது மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கிய டைக்லோஃபினாக். வாங்கிக் கொடுத்தது நான். ஆபரேஷனுக்கு முந்தின ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறியிருந்தது. டாக்டர் முகம் சுளித்தார். மாட்டுக்குப் போட்ட இதே மருந்துதான், செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகச் சாகடித்தது. 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். கழுகின் கணக்கு வேறு, மனுஷியின் கணக்கு வேறுதான். ஆனாலும் சீட்டில்லாமல் பட்டை பட்டையாக வாங்கும்போது அந்தக் கழுகுகளைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம். விளைவு என்னவென்றால், ஆபரேஷன் முடிந்த பிறகு அவளுக்கு அந்த வகை மருந்தே கொடுக்க முடியாது என்று ஆகிவிட்டது. அப்படியானால் வேறு என்ன கொடுப்பது என்று முன்கூட்டியே ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும் அல்லவா? யாரும் யோசிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

காலை பதினோரு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். முதுகுத் தண்டில் மரப்பு ஊசி. ஒன்றரை மணிக்கு வெளியே வந்தவள் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "ஏங்க, சாப்பிட்டீங்களா?" சர்ஜன் வந்து எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "சூப்பரா உட்கார்ந்திருக்கு சார்." நானும் எல்லோருக்கும் வாட்ஸப்பில் ஆபரேஷன் சக்சஸ் என்று போட்டேன்.

மரப்பு ஊசி என்பது சில மணி நேரச் சமாசாரம். சாயங்காலம் ஏழு மணிக்கு அவள் கால் விரலை அசைத்தாள். நல்லது, உணர்ச்சி திரும்புகிறது என்று சந்தோஷப்பட்டேன். விரலில் திரும்பிய உணர்ச்சி இடுப்பிலும் திரும்பும் என்ற சின்னக் கணக்கு எனக்கு ஓடவில்லை. எட்டரைக்குப் பேச்சை நிறுத்திவிட்டாள். ஒன்பதரைக்குக் கட்டில் கம்பியைப் பிடித்தாள். நெற்றியில் வேர்வை. "வலிக்குதா?" என்றேன். "கொஞ்சம்" என்றாள். அவள் அகராதியில் கொஞ்சம் என்றால் என்ன அர்த்தம் என்று நாற்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் நான் சொன்னது இது: "பொறுத்துக்கோ. ராத்திரி நேரத்துல அவங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம். காலையில டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார்."

இதை எழுதும்போது கூசுகிறது. எழுதாமல் விட்டால் மற்றவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

இரண்டரை மணிக்கு அவள் உதட்டைக் கடித்து ரத்தம் வந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் எழுந்து போனேன். அந்தத் தளத்தில் அன்றிரவு ஒரே ஒரு நர்ஸ். நல்ல பெண். கேஸ் ஷீட்டைப் புரட்டினாள். "வலி ஊசி எஸ்.ஓ.எஸ்.னுதான் சார் போட்டிருக்கு. அம்மா கேட்கவே இல்லையே." டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு, அவர் வேறு தளத்திலிருந்து வந்து, கையெழுத்துப் போட்டு, ஃபார்மசியிலிருந்து மருந்து வந்து, ஊசி உள்ளே போனபோது மணி நாலு. அவள் தலைமாட்டில் தொங்கிய ஷீட்டில் பதினொரு மணிக்கு எழுதியிருந்ததை அப்போதுதான் படித்தேன்: பேஷன்ட் கம்ஃபர்டபிள்.

நான் தந்தி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தவன். மோர்ஸ் கட்டையைத் தட்டிக் கற்றுக்கொண்ட கடைசித் தலைமுறை. எஸ்.ஓ.எஸ். என்றால் மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி. நடுக்கடலில் கப்பல் மூழ்கும்போது அனுப்புவது. அது காதில் விழுந்தால் மற்ற வேலையெல்லாம் நின்றுவிட வேண்டும். மருத்துவத்தில் அதே மூன்று எழுத்துக்கு நேர் எதிரான அர்த்தம். 'தேவைப்பட்டால்' என்பதற்கான லத்தீன் சொற்களின் சுருக்கம் அது. அதாவது நோயாளி கேட்டால் கொடு, கேட்காவிட்டால் விட்டுவிடு. சீட்டில் எழுத வசதி. ஆனால் கேட்க வேண்டியவர் யார்? காலை அசைக்க முடியாமல், மூத்திரக் குழாயோடு, மயக்கம் பாதி தெளிந்து மல்லாந்து கிடக்கும் கிழவி. கேட்க வேண்டியது யாரிடம்? மணி அடித்தால் எப்போது வருவாளோ தெரியாத, இருபது கட்டில்களுக்கு ஒருத்தியான சின்னப் பெண்ணிடம்.

நம் தலைமுறைப் பெண்கள் கேட்க மாட்டார்கள். வீட்டில் குழம்பு தீர்ந்துவிட்டால் ரசத்தோடு எழுந்துபோனவர்கள். காய்ச்சலில் எழுந்து காப்பி போட்டவர்கள். அவர்களிடம் போய் வலித்தால் சொல்லுங்கம்மா என்று சொல்லிவிட்டுப் போவது கடமையைச் செய்ததாகாது. ஆன்டிபயாடிக் ஊசியை எந்த டாக்டராவது எஸ்.ஓ.எஸ். என்று எழுதுவாரா? ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசியை? பிரஷர் மாத்திரையை? அவற்றுக்கெல்லாம் மணிக் கணக்கு உண்டு. எட்டு மணி, இரண்டு மணி என்று எழுதிக் கட்டம் போட்டு டிக் அடிக்கிறார்கள். மரப்பு ஊசி இறங்கும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாத ரகசியமா? அந்த வலி வருமா வராதா என்று சந்தேகம் இருந்தால் எஸ்.ஓ.எஸ். எழுதலாம். எலும்பை அறுத்து, தொடைக்குள் உலோகத் தண்டை அடித்து இறக்கியிருக்கும்போது இதில் என்ன சந்தேகம்?

புற்றுநோய் வலிக்கு 1986-லேயே உலக சுகாதார நிறுவனம் சொன்ன விதிகளில் ஒன்று, மருந்தைக் கடிகாரத்தைப் பார்த்துக் கொடு என்பது. வலி தலைக்கேறிய பிறகு துரத்திப் பிடிப்பதைவிட, ஏறாமல் பார்த்துக்கொள்வது சுலபம். குறைந்த மருந்தும் போதும்.

அந்த ஒரு ராத்திரியால் என்ன ஆனது என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு ராத்திரிதானே என்பவர்கள் இருக்கிறார்கள். மறுநாள் காலை நிற்க வைக்க வந்தார்கள். அவள் வாக்கரைத் தொடவே மாட்டேன் என்றாள். பயம். முந்தின ராத்திரி உடம்பில் எழுதிவைத்த பயம். அன்றும் நிற்கவில்லை, அதற்கு மறுநாளும் நிற்கவில்லை. வலிக்குப் பயந்து மூச்சையே மேலோட்டமாக இழுத்தாள், இருமவில்லை. மூன்றாம் நாள் நெஞ்சில் சளி, காய்ச்சல். நாலு நாள் என்று போனவர்கள் ஒன்பது நாள் இருந்தோம். படுத்தே கிடந்தால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும், அது நுரையீரலுக்குப் போனால் ஆளையே கொல்லும் என்பதால்தான் இந்த ஆபரேஷனில் அன்றோ மறுநாளோ நடக்க வைக்கத் துடிக்கிறார்கள். நடக்கச் சொல்வார்களாம், நடக்க முடிகிற அளவுக்கு வலியைக் குறைக்க மாட்டார்களாம். இது எந்த ஊர் நியாயம்?

ஆபரேஷன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கம் ஜான் சார்ன்லி என்பவர் 1962-ல் நிலைநாட்டிய முறையின் வழிவந்தது இது. 2007-ல் லான்செட் பத்திரிகையில் வந்த கட்டுரை இதை நூற்றாண்டின் அறுவை சிகிச்சை என்றே தலைப்பிட்டுச் சொன்னது. உண்மைதான். என் மனைவி இன்று கோயில் குளத்தைச் சுற்றி நடக்கிறாள். என் சண்டை முதல் நாற்பத்தெட்டு மணி நேரத்தோடு.

இதைச் சொன்னால் வரும் பதில்கள் எனக்கு மனப்பாடம். முதலாவது, "பிரசவ வலியையே தாங்கினவங்க, இதென்ன பெரிசு?" இதைச் சொல்பவர் எப்போதும் ஆணாகவே இருப்பார். இரண்டாவது, "வலி இருந்தாத்தான் புண் ஆறுதுன்னு அர்த்தம்." இதற்கு ஒரு ஆதாரமும் கிடையாது. வலி நாடியை ஏற்றும், பிரஷரை ஏற்றும், தூக்கத்தைக் கெடுக்கும். புண் ஆற அது உதவுவதில்லை.

மூன்றாவதுதான் கனமானது: "அந்த ஊசியெல்லாம் பழகிடும் சார்." மார்ஃபின் என்றாலே நமக்கு ஒரு நடுக்கம். காஸிப்பூரிலும் நீமச்சிலும் அரசாங்கமே அபினித் தொழிற்சாலை வைத்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் லைசென்ஸ் கொடுத்துக் கசகசாச் செடி பயிரிடுகிறோம், வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். உள்ளூர் நோயாளிக்கு அதிலிருந்து ஒரு சொட்டு கிடைப்பது குதிரைக்கொம்பு. 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தால் ஆஸ்பத்திரிகள் துறை துறையாக அனுமதி வாங்க அலைய வேண்டியிருந்தது. பலர் வேண்டாம் என்று விட்டேவிட்டார்கள். பக்கத்துக் கேரளத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் வருடக்கணக்கில் போராடியதன் பலனாக 2014-ல் சட்டத்தைத் திருத்தி ஓரளவு எளிதாக்கினார்கள். சட்டம் இளகியது, மனசு இளகவில்லை.

அமெரிக்காவைப் பார் என்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். அங்கே மருந்துக் கம்பெனிகள் இந்த மாத்திரை பழகாது என்று பொய் சொல்லி விற்றன; பர்டியூ என்ற கம்பெனி 2007-ல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அது கத்தை கத்தையாக மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பியதால் வந்த அழிவு. நான் கேட்பது ஆஸ்பத்திரிக் கட்டிலில், நர்ஸ் கண் பார்வையில், இரண்டு மூன்று நாளைக்கு. மழை வெள்ளத்தில் ஊர் மூழ்கிய கதையைச் சொல்லி, தாகத்தில் கிடப்பவனுக்குத் தம்ளர் தண்ணீரை மறுக்கலாமா? வயதானவர்களுக்கு மார்ஃபின் வகையில் நிஜமான ஆபத்து வேறு. மூச்சு மந்தமாகும், வாந்தி வரும், மலம் கட்டும், சிலருக்குப் புத்தி தடுமாறும். அதனால் அதை அளவோடு, கடைசிக் கையாக வைத்துக்கொண்டு மற்றவற்றால் வலியைக் கட்டுவதுதான் இப்போதைய முறை.

அந்த மற்றவை ஒன்றும் தேவலோகத்து மருந்தில்லை. ஐரோப்பாவின் மயக்க மருந்து நிபுணர்கள் ப்ராஸ்பெக்ட் என்று ஒரு குழு வைத்திருக்கிறார்கள். இடுப்பு மூட்டு மாற்றுக்கென்றே 2021-ல் அவர்கள் தந்த பரிந்துரையில் அடித்தளமாக நிற்பது நம் வீட்டு அலமாரியில் இருக்கும் பாராசிட்டமால். அதை வேளை தவறாமல் கொடுப்பது. நாளுக்கு நாலு கிராமுக்கு மேல் கூடாது. ஒல்லியான வயசாளிகளுக்கு இன்னும் குறைவு. சிறுநீரகமும் வயிறும் இடம் கொடுத்தால் வீக்கம் குறைக்கும் மருந்து. அதோடு இடுப்பு மடிப்பில் நரம்புக்கு ஒரு மரப்பு ஊசி, அல்லது சர்ஜனே தையல் போடும் முன் மூட்டைச் சுற்றி மரப்பு மருந்தைப் பாய்ச்சிவிடுவது. முதுகு ஊசி இறங்கும் நேரத்தில் இது கை கொடுக்கும். இவ்வளவும் கொடுத்து மிஞ்சும் வலிக்குத்தான் மார்ஃபின் வகை. அந்த மிச்சத்துக்கு வேண்டுமானால் எஸ்.ஓ.எஸ். எழுதுங்கள், நான் சண்டைக்கு வர மாட்டேன்.

செலவாகும் என்பவர்களுக்கு: எங்களுக்கு அதிகப்படியாக ஆனது ஐந்து நாள் ரூம் வாடகை.

போன வருடம் என் மைத்துனிக்கு, அதாவது மனைவியின் தங்கைக்கு, கோயம்புத்தூரில் இதே ஆபரேஷன். அங்கே முதல் நாளே மயக்க மருந்து டாக்டர் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். பூஜ்யத்திலிருந்து பத்துவரை வலிக்கு மார்க் போடச் சொல்லிக் கொடுத்தார். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை நர்ஸ் வந்து மார்க் கேட்டாள். அதுவும் படுத்திருக்கும்போது எவ்வளவு, காலை அசைக்கும்போது எவ்வளவு என்று தனித்தனியாக. நிற்க வைப்பதற்கு அரை மணி முன்பு மருந்து. மறுநாள் காலை வாக்கரைப் பிடித்து ஜன்னல் வரை போய் வந்தாள். வலியே இல்லையா என்றால் இருந்தது. நாலு, ஐந்து என்று மார்க் போட்டாள். ஒரு ஆளை வைத்து உலகத்தை அளக்கக் கூடாது, அவளுக்கு வயதும் குறைவு, சிறுநீரகமும் நன்றாக இருந்தது. ஆனால் ஜன்னலோரம் நிற்கும் தங்கையின் போட்டோவைப் பார்த்துவிட்டு என் மனைவி சொன்னது ஒரே வரி: "ஓ, கேட்காமலே குடுப்பாங்களா?"

அதனால் ஆபரேஷனுக்குப் போகிறவர்களே, கூடப் போகிற வீட்டுக்காரர்களே, சர்ஜனைப் பார்த்ததோடு திரும்பி வராதீர்கள். மயக்க மருந்து டாக்டரை, ஸ்ட்ரெச்சரில் படுத்த பிறகு இல்லை, முந்தின நாளே பாருங்கள். என்னென்ன மாத்திரை தின்கிறீர்கள், கடையில் நாமே வாங்கியதையும் சேர்த்து, மறைக்காமல் சொல்லுங்கள். அல்சர், சிறுநீரகம், ரத்தம் நீர்க்கும் மாத்திரை, ராத்திரி மூச்சு நின்று நின்று வரும் குறட்டை, எல்லாம் அவருக்கு வேண்டிய விவரம். பிறகு கேளுங்கள்: மரப்பு எத்தனை மணிக்கு இறங்கும்? அதற்கு முன்னால் என்ன கொடுப்பீர்கள்? மணிக் கணக்கா, கேட்டால்தானா? கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காதீர்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், காசு கொடுக்கிறோம். மலம் இளக மருந்தையும் சேர்த்துக் கேளுங்கள். இது வெட்கப்படும் விஷயமில்லை. மூன்று நாள் கட்டிக்கொண்டால் புது இடுப்போடு முக்குவது எவ்வளவு கொடுமை என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். வீட்டுக்கு வந்த பிறகு நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி திடீரென்று கூடினால், கால் குட்டையாகித் திரும்பிக்கொண்டால், கெண்டைச் சதை வீங்கினால், காய்ச்சலோடு புண் சிவந்தால் மாத்திரையைப் போட்டு அமுக்கப் பார்க்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நெஞ்சு வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்க வேண்டாம். நான் மேலே சொன்ன மருந்துகளையும் டாக்டரைக் கேட்காமல் கூட்டிக் குறைக்க வேண்டாம். நான் தந்திக்காரன்.

அந்த நர்ஸ் பெண்ணை நான் குறை சொல்லவே இல்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். ஷீட்டில் இருந்ததைத்தான் அவள் செய்தாள். எங்களிடம் வந்து மன்னிப்புக் கேட்டதும் அவள் ஒருத்திதான். சர்ஜனிடம் நான் இதைச் சொன்னபோது, "முதல் நாள் அப்படித்தான் சார் இருக்கும்" என்றார்.

நேற்று நண்பர் மறுபடி போன் செய்தார். மயக்க மருந்து டாக்டரைப் பார்த்தாராம். நான் சொன்னதையெல்லாம் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போய்ப் படித்துக் காட்டியிருக்கிறார். "என்ன சார், கூகுள் பாத்துட்டு வந்தீங்களா?" என்று டாக்டர் முதலில் எரிச்சல்பட்டாராம். பிறகு சீட்டை வாங்கிப் பார்த்து, பேனாவை எடுத்து, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதினாராம்.

வியாழக்கிழமை ஆபரேஷன். அவர் மகன் பெங்களூரிலிருந்து வெள்ளிக்கிழமைதான் வர முடியும். முதல் ராத்திரி துணைக்கு நான் போகிறேன். ஃபிளாஸ்க் கழுவி வைத்தாயிற்று. செல்போனில் அலாரம் எப்படி நாலு முறை வைப்பது என்று பேத்தியிடம் கேட்டிருக்கிறேன்.